ஒன்பதரை மணிப் பள்ளம்

என் போனில் நான் அதிகம் திறந்து பார்ப்பது எதை என்று என் மகளைக் கேட்டால், "தாத்தா வீட்டு வெயில்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சித்தூரில் என் அப்பா வீட்டு மொட்டை மாடியில் ஆறு சோலார் பேனல்கள் இருக்கின்றன. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எந்த நேரத்தில் அவை எவ்வளவு கரண்ட் தருகின்றன என்பதைத் திருப்பதியில் இருந்தபடியே நான் போனில் பார்க்கலாம். காலை ஆறரைக்கு ஒரு கோடு தரையை விட்டு எழும்பும். நடுப்பகலில் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்கி, ஆறு மணிக்கெல்லாம் தரையில் படுத்துவிடும். மேகம் போட்ட நாளில் கோடு பல் போன சீப்பு மாதிரி இருக்கும். நல்ல வெயில் நாளில் வழவழவென்று ஒரு குன்று.

நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, இப்போது ஒரு வார்டுக்குப் பொறுப்பு. டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, பத்தரை மணிக்கு டீ வரும்போது அந்தக் குன்றை ஒரு தடவை பார்ப்பேன். வெயிலைப் பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து? நைனாவைத்தான் பார்த்தேன். போன் செய்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தாலும் "நல்லாத்தான் கீறேன்" என்கிற மனிதர் அவர். கோடு அப்படிச் சமாளிக்காது. அவர் விடிகாலையில் எழுந்து பேனல்களைக் கழுவியிருந்தால் குன்று உயரமாக இருக்கும். கழுவாவிட்டால் கொஞ்சம் குட்டையாகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழுவ மாட்டார். அது கர்த்தருடைய நாள், அன்றைக்கு வேலை செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைச் சட்டம். திங்கட்கிழமை குன்று மறுபடி நிமிர்ந்ததைப் பார்த்தால் எனக்கு அந்த வாரம் ஓடிவிடும்.

நைனா கரண்ட் ஆபீசில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். அம்மா போன மறுவருஷம், பி.எஃப். பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து இந்தப் பேனல்களைப் போட்டுக்கொண்டார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். தனி ஆள், ஒரு ஃபேன், ஒரு டிவி, இரண்டு விளக்கு. இதற்கு மூன்று கிலோவாட் எதற்கு? கொசுவை அடிக்கக் கோடாலியா என்று கேட்டேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார். "முப்பத்தாறு வருசம் ஊரார் ஊட்டுக்கெல்லாம் நான் கரண்ட்டு கொண்டுபோய் உட்டேன். ஒரு நாளாச்சும் எங்க ஊட்டுலேர்ந்து லைனுக்குப் போவட்டும்மா."

புது மீட்டர் வந்தது. வெளியிலிருந்து உள்ளே வருவதையும் உள்ளேயிருந்து வெளியே போவதையும் தனித்தனியாகக் காட்டும் மீட்டர். அது வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார்கள், நைனா மீட்டர் பெட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே காப்பி குடித்தாராம்.

அந்த அக்காவுக்கு ஒரு குறை இருந்தது. தெருவில் கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் போய்விடும். "மாடி பூரா சோலாரு வெச்சிக்கினு நீங்களும் விசிறிக்கினு தானே கீறீங்க?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார்கள். நைனா ஒவ்வொரு தடவையும் பொறுமையாக விளக்குவார். லைனில் கரண்ட் நின்றால் இந்த இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஒருவன் ஏறி, கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுவான். அந்த நேரத்தில் நம் வீட்டிலிருந்து போனால் அவன் பிழைப்பானா? "நம்மளுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அவனுக்குப் புள்ள குட்டி கீது" என்பார். கம்பத்தின் மேல் இருந்தவனுக்குத்தானே அது தெரியும். அக்கா தலையாட்டிவிட்டு அடுத்த பவர் கட்டில் மறுபடியும் அதையே கேட்பார்கள்.

எங்கள் வீட்டுக்குத் தெற்கே சபையின் கல்லறைத் தோட்டம். மற்ற மூன்று பக்கமும் வீடுகள், ஒட்டி ஒட்டி மாடிகள். பேனல்கள் தெற்குப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் அவற்றின் முகம் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்ற மாடிகளில் இருப்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். கீழ் ஓரம் இடுப்பு உயரம், மேல் ஓரம் தலைக்கு மேல். நைனா முன்னால் நின்றால் எட்டிக் கழுவ வசதியாக இருக்கும் என்று அவரே அளவு சொல்லிக் கட்டவைத்தது. இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டை. தனியாக இருக்காதே, திருப்பதிக்கு வா என்பது என் கட்சி. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது அவர் கட்சி. போன மழைக்காலத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அப்போது கட்டுப் போட்டபடியே, என் வழக்கமான வார்டுக் குரலில், "இன்னொரு தடவ உனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு எங்காதுல உழுந்துச்சு, அன்னிக்கே சாமானக் கட்டிக்கினு திருப்பதி தான். பேச்சே கெடையாது" என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இந்தக் குரலுக்குப் பயந்து பெரிய பெரிய ஆட்களே மாத்திரையை விழுங்குவார்கள். அவர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து இரண்டாம் வாரம், குன்றில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒன்பதரைக்குக் கோடு சட்டென்று மூன்றில் ஒரு பங்கு இறங்கியது. பதினொன்று வரை அப்படியே கிடந்து, பிறகு ஏறி, மற்றபடி ஒழுங்காகப் போனது. மேகம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே ஒன்பதரை. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடியும். பத்து நாளில் ஏழு நாள் அந்தப் பள்ளம் விழுந்தது. மேகத்துக்கு டைம் டேபிள் கிடையாதே.

நைனாவைக் கேட்டேன். "அதுக்கு இன்னா, நல்லாத்தான் ஓடிக்கினு கீது" என்றார். ஏதாவது மரம் வளர்ந்து நிழல் விழுகிறதா என்றேன். மரமெல்லாம் இல்லை என்றார். எனக்கு விடவில்லை. பேனல் போட்ட கம்பெனிக்கு நானே போன் செய்தேன், அவர்கள் இழுத்தடிக்க, வார்டுக் குரலை எடுத்தேன். சனிக்கிழமை காலை டெக்னீசியனை அனுப்புவதாகச் சொன்னார்கள். நானும் அன்றைக்கு லீவு போட்டு முதல் பஸ்ஸில் சித்தூருக்குப் போய் இறங்கினேன்.

டெக்னீசியனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தெலுங்குக்காரர், தமிழ் பாதி தெலுங்கு பாதியாகப் பேசினார். வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார், கிளிப்புகளைத் தட்டினார், இன்வெர்ட்டரில் எதையோ படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்குப் பள்ளமும் விழவில்லை. பத்து மணிக்கு நாங்கள் மூவரும் மாடியில் நின்று பார்த்தோம், கோடு வழவழவென்று ஏறிக்கொண்டிருந்தது. நான் ஆளைக் கூப்பிட்டால் மட்டும் ரிப்பேர் ஆன வண்டி ஓடும், அது என் ராசி.

டெக்னீசியன் தன் போனை எடுத்து நைனாவிடம் காட்டினார். நைனாவிடம் இருப்பது பட்டன் போன், இந்தக் கோட்டை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை யூனிட் என்று எனக்கு ஒரு நம்பர் மட்டும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"சூடண்டி சார், பாருங்க. இது நேத்து. ஒன்பதரைக்கு எறங்குது, பதினொன்னுக்கு ஏறுது. இது அதுக்கு முன்னாடி நாளு. அதே டைம்."

நைனா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். "மணி மணியா காட்டுமா?"

"அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தபா காட்டும் சார்."

"இங்கேர்ந்தாத்தான் தெரியுமா?"

"எங்கேர்ந்து வேணா தெரியும் சார். மேடம் திருப்பதிலேர்ந்து ரோஜூ பாக்கறாங்க இல்ல?"

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

டெக்னீசியன் கொஞ்சம் யோசித்துவிட்டு, குரங்காக இருக்கும் என்றார். திருப்பதிப் பக்கம் நிறைய வீடுகளில் காலையில் குரங்குகள் வந்து பேனல் சூட்டில் குளிர் காய்கின்றனவாம். இரண்டு பெரிய குரங்கு உட்கார்ந்தால் போதுமாம். "கோதுலு தான் சார். பார்த்தீங்களா எப்பயாச்சும்?"

"பாத்தேன்" என்றார் நைனா. "வரும். ரெண்டு மூணு வரும்."

"இத்த ஏன் நைனா எனுக்குச் சொல்லல?" என்று கேட்டேன்.

"கொரங்கு வந்ததெல்லாமா போன் போட்டுச் சொல்லுவாங்க? நான் தொரத்திக்கறேன் உடு." சொல்லிவிட்டு டீ போட வேண்டும் என்று கீழே இறங்கிப் போனார். என் நைனா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சாப்பாட்டு மேசையில் எப்போதும் விரித்திருக்கும் பூப்போட்ட ரெக்சின் அன்றைக்கு இல்லை. எங்கே என்றேன், கிழிந்துவிட்டது என்றார். குளியலறையில் ஒரு வாளியைப் பலகை போட்டு மூடி வைத்திருந்தார். துணி ஊற வைத்திருக்கிறார் என்று கடந்து வந்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளி படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே எங்கே வலி என்று சொல்பவள் நான். சொந்த வீட்டுக்கு வந்தால் கண்ணைக் கழற்றி பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன் போல.

அடுத்த நாளிலிருந்து பள்ளம் விழவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், குன்று வழவழவென்று இருந்தது. எனக்கு ஒரே குஷி.

"கொரங்கு போய்டுச்சா நைனா?"

"போய்டுச்சும்மா."

"பாத்தியா, நான் சொல்லி ஆளக் கூப்ட்டதால தானே?"

"ஆமாம்மா" என்றார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி சுமாருக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார்கள். நைனா சபையில் பாடகர் குழுவில் இருப்பவர். பாட எழுந்து நின்றவர், பாட்டின் நடுவிலேயே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். கண் இருட்டிக்கொண்டு வந்ததாம். இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்களாம். "ஆளு ஒரு மாதிரி வாடிப் போய் கீறாரும்மா. நான் சொன்னேன்னு சொல்லாத. ஒனக்குச் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு" என்றார்கள். நான் கட்டியிருந்த புடவையோடு கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனபோது மணி ஒன்றரை. நைனா ஈஸிசேரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். உட்கார் என்று தோளை அழுத்தினேன். உதடு வெடித்திருந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன், காய்ந்த கட்டை. கையின் மேல் தோலைக் கிள்ளிவிட்டால், மடிப்பு அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் இல்லை.

"தண்ணி குடிக்கிறியா இல்லியா?"

"குடிக்கிறேன்."

"எவ்ளோ?"

"வேணுங்கற அளவு."

தண்ணீர்க் கேனைப் பார்த்தேன். புதன்கிழமை போட்ட கேன் என்று அக்கா சொன்னார்கள், முக்கால்வாசி அப்படியே இருந்தது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. உப்பும் சர்க்கரையும் கலந்து ஒரு சொம்பு கரைத்து, வார்டுக் குரலை ஏற்றி, அவரைக் குடிக்க வைத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். தாகம் இல்லாதவர் குடிக்கிற மாதிரி இல்லை அது. பிறகு, படுக்கட்டும் என்று அவருடைய கட்டிலைச் சரிசெய்ய அறைக்குள் போனேன். "உள்ள போவாதம்மா, நானே பாத்துக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நான் அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தேன்.

ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, அவற்றின் முதுகில் ஒரு ஈர பெட்ஷீட்டை விரித்துப் போட்டிருந்தார். கட்டிலில் மெத்தையின் மேல் பூப்போட்ட ரெக்சின். அந்த வாசனை எனக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். எத்தனை சோப்புப் போட்டாலும் வெயில் படாமல் அது போகாது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொடியில் தினமும் பெட்ஷீட் காய்ந்தால் மூன்று பக்கத்து மாடியிலும் கேள்வி வரும். பேனல் கண்ணாடியில் விரித்தால் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடிச் சூட்டில் ஒன்றரை மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். இரண்டு பேனல் மூடினால் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். எங்கள் வீட்டுக்குக் குரங்கு எதுவும் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு கிழவர் இடம் கண்டுபிடித்திருந்தார். ஆள் அனுப்பி, படம் காட்டி, அந்த ஒரு இடத்தையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டவள் நான். வெயிலில் காயப்போட முடியாததால், ராத்திரி படுக்கை நனையாமல் இருக்க வேண்டும் என்று மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருக்கிறார். அப்படியும் நனைந்திருக்கிறது. நான் டீயைக் குடித்துக்கொண்டு வழவழக் குன்றைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அழுகை வந்தது. அழுதால் அவருக்குக் கேட்கும் என்று புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டேன்.

பிறகு எழுந்து, அந்த பெட்ஷீட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நைனா கண்களை மூடிக்கொண்டார். நான் மாடிப்படி ஏறினேன். வெயில் இன்னும் நன்றாகவே அடித்தது. கிழக்குப் பக்கத்து இரண்டு பேனல்களின் மேல் பெட்ஷீட்டை விரித்து, நான்கு மூலையையும் இழுத்துவிட்டேன். மேல் ஓரத்து இரும்புச் சட்டத்தில் துணி கிளிப்புகள் இரண்டு ஏற்கெனவே மாட்டியிருந்தன. முன்னால் போய் நின்றாலொழியத் தெரியாத இடம். காற்றில் பறந்துவிடக்கூடாது என்று அவர் மாட்டியது.

திரும்பினால், நைனா மெல்ல மெல்லப் படியேறி வந்து, கடைசிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"அங்க போடாதம்மா. போன்ல தெரிஞ்சிடும்."

"யாரு போன்ல? எம் போன்ல தானே. நான்தான் இங்கயே கீறேனே."

அவர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தார். அம்மாவின் கல் நடுவரிசையில், வேப்பமரத்தை ஒட்டி இருக்கிறது. "இத்தினி நாளா அவ ஒருத்தி தான் பாத்துக்கினு இருந்தா" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன். "ஏன் நைனா எங்கிட்ட சொல்லல? நான் பண்ற வேலையே இதான். ஊர் பேர் தெரியாதவங்களுக்கெல்லாம் செய்யறேன். உனுக்குச் செய்ய மாட்டனா?"

"அதுக்குத்தாம்மா சொல்லல." அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "நாள் பூரா அங்க அதயே பாத்துக்கினு கீற. நைனா ஊட்டுக்கு வந்தாலாச்சும் நல்லா உக்காந்து துன்னுட்டு, ரெண்டு வார்த்த பேசிட்டு போவணும். இங்கயும் வந்து உனுக்கு அதே வேலயா?" வேட்டி நுனியை விட்டுவிட்டு, "அப்புறம், நீ இட்டுக்கினு பூடுவ. நீதானே சொன்ன, சாமானக் கட்டிக்கினு போவணும்னு. இங்க அவ கீறா. மீட்டரு கீது. நான் அங்க வந்து இன்னா பண்ணுவேன்?"

ஊருக்கெல்லாம் மாத்திரை விழுங்க வைத்த குரல் இப்போது எனக்கு வரவில்லை. "இட்டுக்கினு போவ மாட்டேன்" என்றேன். "சத்தியமா போவ மாட்டேன் நைனா. இது வயசானா ஆம்பளைங்களுக்கு வர்றது தான். உள்ள ஒரு சுரப்பி வீங்கும், மூத்திரப் பை காலியாவாம ரொம்பி, தூங்கும்போது தானா வழியும். உம்மேல தப்பு ஒண்ணும் கெடையாது. சரி பண்ணிடலாம். சரி பண்ணிக்கினு இங்கயே இரு."

"நெஜமா சரியாவுமா?"

"ஆவும்."

"உங்க ஆஸ்பத்திரி வேணாம்மா. உன்கூட வேல செய்றவங்க முன்னாடி வேணாம்."

"வேணாம். இங்கயே பாத்துக்கலாம்."

"அப்ப சரி" என்றார். பிறகு லைன் இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். "மூணு மணிக்கு மேல அங்க வெயிலு கொறஞ்சிடும்மா. மேற்கால பேனலுக்கு மாத்திப் போடு, சீக்கிரம் காயும்." நான் எழுந்து போய் மாற்றிப் போட்டேன்.

சித்தூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஸ்கேனில் நான் நினைத்ததுதான் இருந்தது. உடம்பில் நீர் ஏறித் தேறட்டும் என்று பத்து நாள் காத்திருந்து, ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் பத்து நாளும் நான் சித்தூரிலிருந்து வேலைக்குப் போய் வந்தேன். காலையில் பெட்ஷீட்டைத் துவைத்து வாளியில் வைத்துவிட்டுக் கிளம்புவேன், அவர் வெயில் பார்த்து மாடியில் விரிப்பார். என் போனில் பள்ளம் விழும். பள்ளத்தைப் பார்த்தால் தண்ணீர் குடித்திருக்கிறார் என்று அர்த்தம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டெக்னீசியன் மட்டும் ஒரு நாள் போன் செய்து, சிஸ்டத்தில் மறுபடி டவுன் காட்டுகிறதே, வரட்டுமா என்று கேட்டார். குரங்குதான், பழகிவிட்டது, வர வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் இப்படித்தான் ஆரம்பமானது.

ஆபரேஷனுக்குச் சேர்த்த அன்று ஆஸ்பத்திரி அறைக்குள் நுழையும்போதே நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், இங்கே நீ நர்ஸ் இல்லை, மகள், நாற்காலியில் உட்கார், கையைக் கட்டிக்கொள். அவருக்கு அதுதானே வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை டியூட்டி நர்ஸ் வந்தாள். புதிதாகச் சேர்ந்த பெண், கை கொஞ்சம் மெதுவாக ஓடியது. சிறுநீர் டியூபின் ஓரமாகக் கசிந்து விரிப்பு நனைந்திருந்தது. மாற்றணும் தாத்தா, பக்கவாட்டில் திரும்புங்க என்றாள். நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். வெளியில் நின்றால் அவருக்குச் சங்கடம் இருக்காது என்று நினைத்தேன்.

"நீ இரும்மா" என்று நைனா சொன்னது காதில் விழுந்தது. என்னை நில் என்கிறார் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "நீ போய் வேற ஆளப் பாரு. எம் பொண்ணு போடட்டும். அவ நல்லா போடுவா."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? வா" என்றார் நைனா.

போனேன். புது விரிப்பை நீளவாக்கில் பாதி சுருட்டி வைத்தேன். ஒரு கையை அவர் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து என் பக்கம் திருப்பினேன். அவர் தன் எடையை முழுசாக என் மேல் விட்டார். நெற்றி என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இருபது கட்டில் போடுகிற எனக்கு அன்றைக்கு இழுத்துச் செருகும்போது விரிப்பின் நடுவில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. சரி செய்கிறேன், இன்னொரு தடவை திரும்பு என்றேன். வேண்டாம் என்று அவர் அதன் மேலேயே படுத்துக்கொண்டார்.